செங்கோட்டை வண்டி போன பிறகு

பினாயில் வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கை தன்னால் கண்ணருகே போய்விடும், கீழ் இமையை இழுத்துக் காட்டுவதற்கு.

திருநெல்வேலி ஸ்டேஷனுக்கு வெளியே, பார வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. உள்ளே ஒரு மேஜை, ஒரு வாளி, நடுவே ஒரு துணித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். மழை தகரத்தில் விழுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது.

தினமும் காலையில் நான் அங்கே போய் வரிசையில் நிற்பேன். என் முறை வந்ததும் நாக்கை நீட்டுவேன். இமையை இழுத்துக் காட்டுவேன். ஆயா ஒருத்தி அக்குளில் விரல் வைத்து, நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். "இல்ல" என்று திரைக்கு வெளியே குரல் கொடுப்பாள். வெளியே இருப்பவர் என் சீட்டில் ஒரு கீறல் போட்டுத் திருப்பித் தருவார். நாளைக்கு வா என்று அர்த்தம்.

எனக்கு ஒரு நோயும் இல்லை. என் கணவர்தான் மலைக்கு அந்தப் பக்கம் காய்ச்சலில் கிடப்பதாகச் சேதி. அவரிடம் போகத்தான் நான் புறப்பட்டு வந்திருந்தேன்.

நான் வடக்கே, அவர் மேற்கே

என் முதல் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, கல்யாணமான பெண் கோயம்புத்தூரில் தனியாக எப்படி வேலை பார்த்தீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலும் அதையே கேட்டார்கள்.

அந்தக் காலத்தில் பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சி முடித்த பெண்களுக்கு வெளியூர்களில் கிராக்கி இருந்தது. எங்கே பள்ளிக்கூடம் திறக்கிறார்களோ அங்கே அனுப்புவார்கள். நான் கோயம்புத்தூருக்குப் போனேன். என் கணவர் சாமுவேல் கம்பவுண்டர். புனலூருக்கு மேலே மலையில் ஒரு தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கு மருந்து கலக்கிக் கொடுக்கும் வேலை. ஒரு கோடை விடுமுறையில் பாளையங்கோட்டைக் கோயிலில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. விடுமுறை முடிந்ததும் நான் வடக்கே போனேன், அவர் மேற்கே போனார்.

அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் ஒரு முறை, கோடை ஒரு முறை. அவ்வளவுதான் எங்கள் குடும்பம். வேலையை விட்டுவிட்டு வா என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் விட்டுவிட்டு வாருங்கள் என்று நானும் கேட்கவில்லை. இரண்டு பேருமே கூச்சக்காரர்கள். கடிதத்தில் எழுதுவது எல்லாம் சுகம், மழை, சபைச் செய்தி. அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்குமா என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

அப்படி இருக்கும்போதுதான் தோட்டத்துக் கணக்கரிடமிருந்து தந்தி வந்தது. சாமுவேலுக்குக் கடுங்காய்ச்சல், உடனே புறப்படவும் என்று.

அந்த வருஷம் கோயம்புத்தூரில் பிளேக். பாதி ஊர் வெளியே குடிசை போட்டுக்கொண்டு கிடந்தது. பள்ளிக்கூடத்தை மூடியிருந்தார்கள். துணைக்கு ஒருவரும் வரத் தயாராயில்லை. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக ரயில் ஏறினேன். புறப்படுகிறேன் என்று ஒரு பதில் தந்தியும் கொடுத்தேன். அது அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஜங்ஷனில் கொடுத்த சீட்டு

வழியில் ஒரு ஜங்ஷனில் எல்லாரையும் இறக்கினார்கள். பிளேக் கண்ட ஊரிலிருந்து வருகிறவர்களைத் தனியாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பிளேக் பாஸ்போர்ட் என்று அதற்குப் பெயர். போகிற ஊரில் பத்து நாள் தினமும் போய் உடம்பைக் காட்டிவிட்டு வர வேண்டும். அதுவரை அந்த ஊரைவிட்டு நகரக் கூடாது.

எழுதிய குமாஸ்தா என் டிக்கெட்டைப் பார்த்தார். புனலூர் வரைக்கும் நேராக டிக்கெட் கிடைக்காததால் திருநெல்வேலிக்குத்தான் வாங்கியிருந்தேன். மிச்சத்தை அங்கே போய் எடுத்துக்கொள்வதாக எண்ணம். அவர் சீட்டில் 'திருநெல்வேலி' என்று எழுதினார். ஐயா, நான் அதற்கு அப்பால் போக வேண்டும், கணவருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். டிக்கெட் எந்த ஊருக்கோ அந்த ஊரைத்தான் எழுத முடியும், மற்றதை அங்கே போய்ச் சொல்லிக்கொள் என்றார். எனக்குப் பின்னால் நீளமான வரிசை. நகர்ந்துவிட்டேன்.

பெண்கள் பெட்டியில் மறுபடி ஏறியபோது, அதுவரை என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்த ஒரு திண்டுக்கல் அம்மாள் என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். குழந்தையை எடுத்துக்கொண்டு எதிர்ப் பலகைக்குப் போய்விட்டாள். மணியாச்சியில் வண்டி மாறுகிற வரைக்கும் அந்தப் பலகை முழுதும் எனக்குத்தான்.

இங்கே என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா சபையில் வேதம் போதிக்கும் உபதேசியார். அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியிலேயே போய் வந்து இடுப்பு ஒடிந்தவர். கல்லிடைக்குறிச்சிக்கு ரயில் விட்ட வருஷம் எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனார். டிக்கெட்டை வேட்டி மடிப்பில் முடிந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவிழ்த்துப் பார்த்து மறுபடி முடிந்தார். ஜன்னலுக்கு வெளியே வயலும் ஆறும் ஓடியதை அவர் பார்க்கவே இல்லை. நாங்கள் சிரித்தோம். அன்றைக்கு மணியாச்சியில் அதே மாதிரி நானும் அந்தச் சீட்டை முந்தானையில் முடிவதும் அவிழ்த்துப் பார்ப்பதுமாக இருந்தேன்.

பிளேக் பிள்ளை

திருநெல்வேலிக் கொட்டகையில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சங்கரலிங்கம் பிள்ளை. ஸ்டேஷனில் எல்லாருக்கும் அவர் பிளேக் பிள்ளைதான். நெற்றியில் திருநீறு, சட்டைக் கையெல்லாம் மருந்துக் கறை. அவர் கெட்டவர் அல்ல. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நான்கு வேளைத் தூக்கம் பாக்கி இருக்கிற மனிதரைப் போல உட்கார்ந்திருப்பார்.

என் கதையை முழுதும் கேட்டார். இந்தச் சீட்டோடு புனலூர் வழியில் செங்கோட்டைக்குப் போனால் திருவாங்கூர் சமஸ்தானத்துக்காரர்கள் எல்லையில் இறக்கி விட்டுவிடுவார்கள் என்று விளக்கினார். பத்து நாளும் முடிய வேண்டும். அல்லது பெரிய டாக்டர் பரிசோதித்து, நோய் இல்லை என்று சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். டாக்டர் எங்கே என்றேன். மேற்கே கிராமங்களில் முகாம் போயிருந்தார்.

"எப்ப வருவாக?"

"மழ விடணும்லா, டீச்சரம்மா" என்றார்.

மழை விடவில்லை. நான் வந்த மறுநாள் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் கால்வாய்க் கரை உடைந்து தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணைக் கொண்டுபோய்விட்டது. தந்திக் கம்பமும் சாய்ந்தது. ரஸ்தாவும் தண்ணீருக்குள். செங்கோட்டை வண்டி எப்போது போகும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் தங்கினேன். சித்தி பாசக்காரிதான். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். பின்கட்டில் விறகு அடுக்கியிருந்த இடத்தைப் பெருக்கிப் பாய் போட்டுக் கொடுத்தாள். சோற்றை வாசல்படியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று, சாப்பிடு மக்கா என்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவேன்.

காலையில் எழுந்து பாலத்தைக் கடந்து கொட்டகைக்குப் போவேன். ஆறு செக்கச் சிவந்து, பாலத்து வளைவுகளில் முட்டிக்கொண்டு ஓடும். வேரோடு வாழை மிதந்து போகும். கீறல் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குள் போய், இன்றைக்கு வண்டி உண்டா என்று கேட்பேன். இல்லை என்பார்கள். தந்தி போகுமா என்பேன். போகாது என்பார்கள். திரும்பிப் பாலத்தைக் கடப்பேன்.

ஸ்டேஷனில் என்னைப் போலவே மாட்டிக்கொண்ட கல்லிடைக்குறிச்சி வியாபாரி ஒருவர் இருந்தார். அப்பளக் கூடைகளோடு மதுரைக்குப் போய், விற்றது போக மீதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரத்தில் அப்பளமெல்லாம் துணி மாதிரி துவண்டுவிட்டது. அதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மறுபடி அடுக்குவதுதான் அவருடைய வேலை. ஊருக்கு எவ்வளவு தூரம் அண்ணாச்சி என்று ஒருநாள் கேட்டேன். மாட்டு வண்டியில் பொழுது அடைவதற்குள் போய்விடலாம், ஆனால் பாதை இல்லையே என்றார்.

அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அலுப்புதான் வந்தது. கால் வீங்கி, வாயெல்லாம் புண். அவர் இருக்கிறாரா இல்லையா என்பதை நினைக்கக்கூடத் தெம்பு இல்லாமல், நாளைக் காலைக் கீறலை மட்டும் நினைத்துக்கொண்டு படுப்பேன்.

முத்திரை

கடைசியில் ஒருநாள் வெயில் அடித்தது. கொட்டகைக்குப் போனபோது பெரிய டாக்டர் பரிசலில் ஆற்றைக் கடந்து வந்து சேர்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். தண்டவாளத்தையும் சரிசெய்துவிட்டார்கள், பகல் வண்டி செங்கோட்டைக்குப் போகிறது என்று போர்ட்டர் சொன்னான். ஓடிப்போய் டிக்கெட் எடுத்தேன்.

பிளேக் பிள்ளை காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆபீஸ் முத்திரை இல்லை. முத்திரை பாளையங்கோட்டை ஆபீசில் இருந்தது.

முத்திரை இல்லாமல் போகக் கூடாதா என்றேன். போகலாம், செங்கோட்டையில் இறக்கிவிட்டால் அங்கன உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

குதிரை வண்டி பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். முத்திரை வைக்கிற எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். அலமாரி பூட்டிக் கிடந்தது. வெற்றிலை போட்ட வாயோடு அவர் வந்து, சாவியைத் தேடி, மை தொட்டுக் குத்தித் தந்தபோது வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. வண்டிக்காரன் குதிரையை அடித்த அடியை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

நான் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தபோது செங்கோட்டை வண்டியின் கடைசிப் பெட்டி தெரிந்தது. அப்பள வியாபாரி ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

வழியில் சித்தி வீட்டில் எடுத்துக்கொண்ட தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். கையில் முத்திரை வைத்த சர்ட்டிபிகேட், முந்தானையில் டிக்கெட். இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. பிளாட்பாரத்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, முக்காடு போட்டுக்கொண்டு அழுதேன். அழுது முடித்தும் எழுந்து போகத் தோன்றவில்லை. சித்தி வீட்டு விறகுக் கட்டைகளை இன்னொரு ராத்திரி பார்க்க முடியாது என்று இருந்தது.

கோயம்புத்தூர் வந்துட்டா?

பொழுது சாயும் நேரத்தில் மேற்கேயிருந்து வண்டி வந்தது. பாதை அடைத்திருந்த நாட்களில் வழி ஸ்டேஷன்களில் கிடந்தவர்கள் எல்லாரும் அதில் வந்தார்கள். கூட்டம் இறங்கிப் போகிற வரைக்கும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக ஒரு பெட்டியிலிருந்து ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கி, தூணில் சாய்த்து உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிக் கிடந்தது. யாரோ வயசாளி என்று நினைத்துப் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவர் கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். அந்தக் கண்ணாடி எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்தது.

எப்படி எழுந்து போனேன் என்று தெரியவில்லை. முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண் மஞ்சளாக இருந்தது.

"எஸ்தரு" என்றார். "கோயம்புத்தூர் வந்துட்டா?"

"இல்ல. இது திருநவேலி."

அவர் என்னைத் தேடித்தான் புறப்பட்டிருக்கிறார். தந்தி கொடுத்தும் நானும் வரவில்லை, பதிலும் வரவில்லை. மலையில் இருந்தால் பிழைக்கமாட்டார் என்று தோட்டத்தில் அவரை வண்டி ஏற்றிவிட்டார்கள். இந்தப் பக்கம் வந்ததும் பாதை உடைந்துபோயிற்று. நான் தினமும் பாலத்தைக் கடந்துகொண்டிருந்த நாளெல்லாம் அவர் கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷன் சாமான் கொட்டடியில் கிடந்திருக்கிறார். அக்கிரகாரத்திலிருந்து ஒரு அம்மாள் இலையில் ரசஞ்சோறு கொண்டுவந்து தள்ளி வைத்துவிட்டுப் போவாளாம். பகல் வண்டியில் நான் போயிருந்தால், வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் எங்கள் வண்டிகள் ஒன்றையொன்று கடந்திருக்கும். நான் புனலூரிலும் அவர் கோயம்புத்தூரிலும் போய் இறங்கியிருப்போம்.

கர்த்தர்தான் அந்த முத்திரையால் உன்னை நிறுத்தினார் என்று சித்தி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இருக்கலாம். ஆனால் அந்த எழுத்தருக்கு நான் நன்றி சொல்லமாட்டேன். அவர் சாப்பிடப் போனது எங்களுக்காக அல்ல.

"ஏன் வரல?" என்று என் கணவர் கேட்டார்.

"விடல" என்றேன்.

அவர் உடம்பு நடுங்கியது. போர்வையோடு தூணும் நடுங்குகிற மாதிரி எனக்குத் தோன்றியது. அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. பிளேக் கொட்டகை கூப்பிடு தூரத்தில். காய்ச்சலோடு இறங்குகிற யாராக இருந்தாலும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடைப்பார்கள். போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று வரிசையில் நிற்கிற பெண்கள் தினமும் பேசுவதைக் கேட்டிருந்தேன்.

அவரை மறைத்துக்கொண்டு நின்றேன். அது எவ்வளவு நேரத்துக்கு? பிளேக் பிள்ளை பைய நடந்து வந்துகொண்டிருந்தார்.

"யாரும்மா இவரு?"

"எங்க வீட்டுக்காரவுக. மலைக்காச்சல். வேற ஒண்ணும் இல்ல."

பிள்ளை குந்தி உட்கார்ந்து, அவர் கம்பளியை விலக்கி, அக்குளையும் தொடையிடுக்கையும் தொட்டுப் பார்த்தார். நெறி கட்டவில்லை. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, முறைக்காய்ச்சல், ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது என்று மட்டும் முனகினார். பிள்ளை எழுந்து சுற்றிலும் பார்த்தார். பிளாட்பாரத்தில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மலைக்காச்சலாத்தான் இருக்கும்" என்றார். "ஆனா நான் பாக்கலைன்னு சொல்ல முடியாது, டீச்சரம்மா. இத்தன பேரு பாத்துட்டாக. கொண்டுபோயித்தான் ஆகணும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க இன்னும் இவரத் தொடலலா? நான் வரும்போது தள்ளித்தான் நின்னிய. அப்படியே சித்தி வீட்டுக்குப் போயிருங்க. உங்கள எழுதாம விட்டுருதேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். உண்மையிலேயே நான் அதுவரை என் கணவரைத் தொடவில்லை. பொது இடத்தில் கணவனைத் தொடுகிற பழக்கம் எங்களுக்கு ஏது? குனிந்து அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்தேன். அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. கையை எடுக்காமல் பிள்ளையைப் பார்த்தேன்.

"இப்பத் தொட்டுட்டேன். எழுதிக்கிடுங்க."

பிள்ளை, முத்திரை வைத்த சர்ட்டிபிகேட்டை என்னிடமிருந்து வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இனி அது செல்லாது.

ஓலைக் கொட்டகை

பாளையங்கோட்டைக்கு அப்பால் பனங்காட்டுப் பொட்டலில் ஓலைக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். அன்றைக்கு அங்கே எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. காவல்காரர் அரிசியும் விறகும் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுச் சத்தம் கொடுப்பார். டாக்டர் வந்து கொயினா மருந்து கொடுத்தார். எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை என் கணவர் படுத்தபடியே அவரோடு சரிபார்த்துக்கொண்டார். சித்தி காவல்காரர் மூலம் உடன்குடிக் கருப்பட்டி கொடுத்தனுப்பினாள்.

எங்களுக்குப் பிளேக் வரவில்லை. அவர் காய்ச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. மலைக்கு அவர் மறுபடி போகவில்லை. நானும் கோயம்புத்தூர் வேலையை எழுதி விட்டுவிட்டேன். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மருந்துக்கடையும் ஒரு பள்ளிக்கூட வேலையுமாகக் காலம் போயிற்று. அது வேறு கதை.

ஆனால் நாங்கள் குடித்தனம் தொடங்கிய இடம் எது என்று கேட்டால், நான் அந்தக் கொட்டகையைத்தான் சொல்வேன். அவர் இடது பக்கம் திரும்பித்தான் தூங்குவார் என்பதும், தூக்கத்தில் மருந்துப் பெயர்களைச் சொல்வார் என்பதும் எனக்கு அங்கேதான் தெரிந்தது.

போன அன்று ராத்திரி முழுதும் அவர் குளிரில் கிடந்தார். அடுத்த நாள் காய்ச்சல் இல்லாத நாள். அன்று விடிந்தபோது வழக்கம்போலப் பதறிக்கொண்டு எழுந்தேன், பாலத்தைக் கடந்து வரிசையில் நிற்க வேண்டுமே என்று. பிறகுதான், போக வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்தது. நான் போய் நிற்க வேண்டிய இடம் உலகத்தில் எங்கேயும் இல்லை. திரும்பப் படுத்தவள்தான். வெயில் ஓலை இடுக்கு வழியாக முகத்தில் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

யாரோ பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவர் கம்பளியைத் தலையில் சுற்றிக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். புகையில் இருமிக்கொண்டே கரண்டியைச் சுழற்றினார்.

"எந்திரி எஸ்தரு. கஞ்சி ஆறுது" என்றார்.

கஞ்சியில் உப்பு கூடிப்போயிருந்தது. அடியும் பிடித்திருந்தது. நான் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று பாத்திரத்தை நீட்டினேன்.